மலையின் முறைமையும் சமவெளியின் நீரும்

சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில் உள்ள தம்மம்பட்டி, மரச்சிற்பத் தொழிலால் பெயர்பெற்ற பேரூராகும். அதற்குத் தென்மேற்கே கொல்லிமலையும் தென்கிழக்கே பச்சைமலையும் எழுந்து நிற்கின்றன. கொல்லிமலையில் தோன்றும் சுவேதா நதி இவ்வூர் வழியாக ஓடி, கெங்கவல்லியைக் கடந்து, வசிட்ட நதியோடு சேர்ந்து, வெள்ளாறாகப் பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றது. ஆகவே தம்மம்பட்டி உழவரின் கிணற்றில் நீர் ஊறுவது அவருடைய உழைப்பை மட்டும் பொறுத்ததன்று. தாம் ஒருபோதும் கண்டிராத மலைச்சரிவில் எவரோ ஒரு மரத்தை வெட்டினாரா, வெட்டாது விட்டாரா என்பதையும் பொறுத்தது. சிற்பியின் உளிக்கு மரம் கிடைப்பதும் அவ்வாறே.

இந்த எளிய உண்மையே நம் கட்டுரைக்குத் தொடக்கம். மலையில் வெட்டலாம், வெட்டலாகாது என்று விதித்தவர் யார்? அவ்விதி எதனால் மதிக்கப்பட்டது? இன்று அதன் நிலை யாது? திருச்சபை அதனை எவ்வாறு நோக்க வேண்டும்? இவ்வினாக்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. எழுதப்படாத சட்டம்

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை, சேர்வராயன்மலை ஆகியவற்றில் வாழும் பழங்குடியினர் 'மலையாளிகள்' எனப்படுகின்றனர். கேரள நாட்டு மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு. தமிழே இவர்கள் பேசும் மொழி. வேளாண்மையே இவர்கள் தொழில்.

கொல்லிமலை பல 'நாடு'களாகப் பகுக்கப்பட்டிருந்தது. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்னும் பெயர்கள் இன்றும் ஊராட்சிகளின் பெயர்களாக அரசுப் பதிவேடுகளில் நிலைத்திருக்கின்றன. பழைய ஆளுகை முறையின் எல்லைக்கல் புதிய ஆளுகை முறைக்குள் நடப்பட்டிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஊர்க்கவுண்டர், கரைக்காரர், பட்டக்காரர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறினும், ஊருக்கும் நாட்டுக்கும் தலைவர்கள் இருந்தனர். வழக்குகளைக் கேட்பதும், விழாவுக்கு நாள் குறிப்பதும், முறை தவறியவருக்குத் தண்டம் விதிப்பதும் அவர்கள் கூட்டும் சபையின் பொறுப்பாயிருந்தன.

இம்மக்களுடைய முறைமையில் இயற்கையைப் பற்றிய விதிகள் தனி நூலாக இருந்ததில்லை. அவை வழிபாட்டோடும் உழவோடும் உறவுமுறையோடும் பின்னிக் கிடந்தன. ஆராய்ந்து நோக்குங்கால் அவற்றை மூவகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, இடத்தைப் பற்றிய தடை. கோயிற்காடுகளில் மரத்தை வெட்டலாகாது, காலணியோடு நுழையலாகாது, பல காடுகளில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. ஊற்றுக்கண்களுக்கு அருகே இத்தகைய காடு இருக்குமாயின், தெய்வத்துக்கென்று ஒதுக்கப்பட்ட இடமே நீருக்குக் காவலாகவும் அமைகின்றது.

இரண்டாவது, காலத்தைப் பற்றிய ஒழுங்கு. விதைப்பும் அறுவடையும் ஊர் குறித்த நாளை ஒட்டி நிகழ்ந்தன. சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்கள் ஒரே புனத்தில் மாறி மாறியும் கலந்தும் விதைக்கப்பட்டமையால், மண் ஒரே பயிரால் இளைத்துப்போவது தவிர்க்கப்பட்டது.

மூன்றாவது, அளவைப் பற்றிய கட்டுப்பாடு. நீரைத் திருப்பும்பொழுது கீழ்வயலுக்குரியதை மேல்வயல் உண்டுவிடலாகாது என்பது இதன் சாரம்.

இவ்விதிகளைக் காத்தது அச்சம் மட்டும் என்று கூறுதல் பொருந்தாது. தெய்வத்திடம் அச்சம் இருந்தது உண்மையே. ஆயினும், விதியை மீறியவர் மறுநாள் அதே ஊராரின் முகத்தில் விழிக்க வேண்டும். தம் மகளை அதே ஊராருக்கு மணம்முடிக்க வேண்டும். தம் களத்தில் அவர்களுடைய உதவியை நாட வேண்டும். காவலர் இல்லாத இடத்திலும் விதி நின்றதற்கு இவ்வுறவே காரணம்.

2. ஒரு பிடி சேறு

இம்மலைக்கும் தமிழ்த் திருச்சபைக்கும் உள்ள தொடர்பு பழையது. ஜெசி பிராண்டு, எவிலின் பிராண்டு என்னும் அருட்பணியாளர் தம்பதியர் 1913 இல் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலையில் குடியேறினர். மருத்துவம், கல்வி, தச்சு, பழ வேளாண்மை எனப் பல துறைகளிலும் அவர்கள் உழைத்தனர். ஜெசி 1929 இல் கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். எவிலின் அம்மையார், பணி ஓய்வு பெற்ற பின்னரும் இம்மலைகளுக்கே திரும்பிவந்து, 1974 இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறையும்வரை மலைமக்களிடையே ஊழியம் செய்தார்.

அவர்களுடைய மகன், 1914 இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்டு, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளருக்குச் செய்த கை அறுவை மருத்துவத்தால் உலகப் புகழ் பெற்றார். அவர் தம் முதுமையில் எழுதிய ஒரு கட்டுரையில் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்கின்றார். படிப்படியாக அமைந்த நெல்வயலில் தவளை பிடிக்கும் விளையாட்டில் சிறுவர்கள் சேற்றைக் கலக்கிவிட்டனர். வயல்களையும் நீரையும் காக்கும் பொறுப்புடைய முதியவர் ஒருவர் வந்தார். கலங்கிய நீர் வரப்பைக் கடந்து கீழே ஓடுவதைச் சிறுவர்களுக்குக் காட்டினார். அச்சேறு தம் பாட்டன்மாருக்குச் சோறிட்டது என்றும், பேரன்மாருக்கும் சோறிட வேண்டியது என்றும், கீழே போனால் மீண்டும் மேலேறி வராது என்றும் அவர் கற்பித்தாராம். நீர் தெளிந்து ஓடினால் மலை நலமாயிருக்கிறது. கலங்கி ஓடினால் மலையின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. இதுவே அம்முதியவரின் பாடம்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கவை சில உண்டு. அம்முதியவர் சிறுவர்களை அடிக்கவில்லை, காரணத்தை விளக்கினார். அவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. அப்பொறுப்பை ஊரார் அறிந்திருந்தனர். அவர் பேசியது உடைமையாளரின் மொழியன்று. முன்னோருக்கும் பின்னோருக்கும் இடையே நிற்கும் காவலரின் மொழி. கற்பிக்க வந்த அருட்பணியாளரின் குடும்பம் ஈண்டுக் கற்கும் இடத்தில் நின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

3. சமவெளியின் வாரியங்கள்

இத்தகைய முறைமை மலைக்கு மட்டும் உரியதன்று. தமிழகச் சமவெளியில் ஏரிகளைக் காக்கும் சபைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூரில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், குடவோலை முறையில் தெரிந்தெடுக்கப்பட்ட 'ஏரி வாரியம்' பற்றிக் கூறுகின்றன. உறுப்பினராகத் தகுதியுடையோர் யாவர், தகுதியற்றோர் யாவர் என்பதும் அங்கே வரையறுக்கப்பட்டுள்ளது. ஊர்தோறும் மடை திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி, மடையர் முதலியோர் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குக் களத்துமேட்டில் நெல் அளக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரிக் கரையை உயர்த்தும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது.

ஆங்கிலேய அரசு இவ்வழக்கத்தைக் கண்டது. அது தளர்ந்து வருவதையும் கண்டது. 1858 ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய வேலைச் சட்டத்தின் வாயிலாக அதனைச் சட்டக் கடமையாக்க முயன்றது. ஆனால் ஏரியின்மீது ஊராருக்கு இருந்த அதிகாரம் வருவாய்த்துறைக்கும் பொதுப்பணித்துறைக்கும் போன பின்பு, கடமையை மட்டும் ஊரார் தலையில் வைத்தல் பயன் தரவில்லை. உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை விட்டுவைத்தால் அக்கடமை நாளடைவில் செத்துப்போகும் என்பது இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

காட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக வரையறுத்தது. தலைமுறைகளாக விறகும் தேனும் மேய்ச்சலும் பெற்றுவந்தவர்கள், தம் காட்டில் அனுமதி பெற்று நுழைவோராயினர். காடு அரசுக்குரியது என்றானபொழுது, அதைக் காப்பதும் அரசின் வேலை என்று ஊரார் கருதத் தொடங்கியதில் வியப்பில்லை.

4. பொது உடைமை அழிந்தே தீருமா?

பொதுவான மேய்ச்சல் நிலம் ஒவ்வொருவருடைய தன்னலத்தாலும் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் 1968 இல் வாதிட்டார். அதனின்று தப்ப ஒன்று அரசு ஆள வேண்டும், அல்லது தனியார் உடைமையாக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இக்கருத்தை மறுத்தது. சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானின் ஊர்க்காடுகள், ஸ்பெயினின் பாசன அமைப்புகள், பிலிப்பைன்சின் வாய்க்கால் சங்கங்கள் ஆகியவை நூற்றாண்டுக்கணக்கில் நிலைத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இதுபோன்ற ஆய்வுகளுக்காக 2009 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீடித்து நிலைக்கும் அமைப்புகளில் அவர் கண்ட இயல்புகளுள் சில வருமாறு: எல்லை தெளிவாயிருத்தல், விதி அவ்விடத்தின் இயல்புக்கு ஏற்றதாயிருத்தல், விதியால் கட்டுண்டவர்களே விதியை வகுப்பதில் பங்குபெறுதல், மேற்பார்ப்போர் மக்களுக்குப் பொறுப்புடையவராயிருத்தல், தண்டம் சிறியதில் தொடங்கிப் படிப்படியாக உயர்தல், வழக்கை விரைவில் தீர்க்க இடமிருத்தல், அரசு இவ்வமைப்பை ஏற்றுக்கொள்ளுதல். கொல்லிமலையின் நாட்டுச் சபையையும் உத்தரமேரூரின் ஏரி வாரியத்தையும் இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பின், முதல் ஆறு இயல்புகளில் பலவும் இங்கே இருந்தன எனலாம். பிற்காலத்தில் அற்றுப்போனது ஏழாவதாகிய அரசின் ஏற்பே.

5. இக்காலச் சட்டங்கள்

அண்மைக் காலத்தில் சட்டம் இரு வழிகளில் பழைய முறைமையை நோக்கித் திரும்பியுள்ளது.

ஒரு வழி, இயற்கைக்கே உரிமை உண்டு என்று அறிவிப்பது. எக்குவடோர் நாடு 2008 இல் தன் அரசியலமைப்பிலேயே இதனைச் சேர்த்தது. நியூசிலாந்து 2017 இல் வாங்கனூயி ஆற்றைச் சட்டமுறை ஆளாக ஏற்று, அதன் சார்பில் பேச, அரசின் சார்பில் ஒருவரும் ஆற்றங்கரை மவோரிக் குடிகளின் சார்பில் ஒருவருமாக இரு காவலரை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டமுறை ஆட்களாக அறிவித்தது. ஆயினும் அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் சில மாதங்களிலேயே நிறுத்திவைத்தது. ஆறு ஓர் ஆளாயின், வெள்ளத்தால் நேரும் இழப்புக்கு யார் ஈடு தருவது என்பது போன்ற வினாக்கள் எழுந்தன. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் இயற்கை அன்னையை உரிமைகளுடைய உயிருள்ள ஆளாக அறிவித்தது.

மற்றொரு வழி, இயற்கையோடு வாழும் சமுதாயத்தின் அதிகாரத்தை ஏற்பது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தாம் மரபாகக் காத்துவந்த காட்டைக் காக்கவும் புதுப்பிக்கவும் மேலாண்மை செய்யவும் ஊர்ச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு என்கிறது. கிராம சபைக்குக் காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கும் அதிகாரம் தருகிறது. ஒடிசாவின் நியமகிரியில், 2013 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி பன்னிரண்டு கிராம சபைகள் கூடி, தங்கள் தெய்வம் உறையும் மலையில் பாக்சைட் வெட்டுவதை மறுத்தமை இச்சட்டத்தின் வலிமைக்குச் சான்று. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டிருந்தமையை எண்ணும்பொழுது, அந்நிகழ்ச்சி நமக்கு மிக அண்மையில் வந்து நிற்கின்றது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதும் இன்மையால், பழங்குடிப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கென 1996 இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் இங்கே செல்லாது. எனவே வன உரிமைச் சட்டமே நம் மலைமக்களுக்குத் தலையாய கருவியாகிறது. இதனோடு, 2002 ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி 2022 இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியும், 2025 இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயிற்காடும் மரபுத்தலங்களாக அறிவிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது? ஆற்றுக்கோ மலைக்கோ உரிமை உண்டு என்று அறிவிப்பது எளிது. அவ்வுரிமைக்காக வாய் திறப்பவர் யார் என்பதே கடினமான வினா. தொலைவிலுள்ள அதிகாரி காவலராயின், பழைய வனச்சட்டமே புதுப் பெயரில் திரும்பி வரும். அச்சேற்றை அறிந்த முதியவரும், அவரைக் கேட்கும் சிறுவரும் காவலராயினரேல் அறிவிப்புக்கு உயிர் உண்டாகும்.

6. பழைமை முழுவதும் தூயதன்று

பழைய முறைமையைப் போற்றுகையில் நாம் கண்மூடிக்கொள்ளலாகாது. ஊர்ச் சபை பெரும்பாலும் ஆண்களின் சபையாகவே இருந்தது. விறகு பொறுக்கியவரும் நீர் சுமந்தவரும் பெண்கள். காட்டையும் நீரையும் பற்றித் தீர்ப்புச் சொன்னவர் ஆண்கள். சமவெளியில் மடை காத்து, இரவெல்லாம் நீர் திருப்பிய உழைப்பாளர் பல ஊர்களில் தலித் மக்களாயிருந்தனர். எனினும், அந்நீர் பாயும் நிலத்திலும், அதனைப் பகிரும் சபையிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. குடிமராமத்தில் உழைப்பு யாருடையது, விளைச்சல் யாருடையது என்று கேளாமல் அதனைப் பொற்காலம் என்று பாடுதல் நீதியாகாது.

ஆகவே நமக்கு வேண்டுவது பழைமைக்குத் திரும்புதல் அன்று. பழைய முறைமையின் பொறுப்புணர்வும் புதிய சட்டத்தின் சமத்துவமும் ஒன்றுசேர வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாயிருக்க வேண்டும் என்ற விதி இவ்வகையில் வரவேற்கத்தக்கது.

7. திருமறையின் வெளிச்சத்தில்

நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதையை (1 இராஜா. 21) நாம் பெரும்பாலும் பேராசைக்கு எச்சரிக்கையாகவே பிரசங்கிக்கிறோம். ஆனால் அஃது இருவகைச் சட்டங்களின் மோதலும் ஆகும். ஆகாபு நியாயமான விலையையும் மாற்று நிலத்தையும் தர முன்வந்தான். வாங்கவும் விற்கவும் கூடிய பொருளே நிலம் என்பது அவன் கருத்து. நாபோத்தோ பிதாக்களின் சுதந்தரத்தை விற்கும் அதிகாரம் தனக்கில்லை என்று நின்றான். தேசம் கர்த்தருடையது, மாந்தர் அதில் பரதேசிகளும் புறக்குடிகளுமே (லேவி. 25:23) என்னும் கற்பனை அவனுக்குப் பின்னால் நின்றது. கொல்லிமலை முதியவரின் மொழி நாபோத்தின் மொழிக்கு மிக அருகில் உள்ளது.

இங்கு நாம் அறிக்கையிட வேண்டிய குறை ஒன்றும் உண்டு. கோயிற்காட்டைப் பேயின் இருப்பிடமாகக் கருதி, மனந்திரும்பியவர் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று நம்மிற் பலர் போதித்திருக்கிறோம். அதற்குத் தோப்புகளை வெட்டும்படி கூறும் வசனங்கள் (யாத். 34:13, உபா. 7:5) ஆதாரமாகக் காட்டப்பட்டன. எபிரெய மூலத்தில் அங்குள்ள சொல் அசேரா என்பதாகும். அது கானானிய வழிபாட்டு மரக்கம்பத்தைக் குறிப்பது, காட்டைக் குறிப்பதன்று. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பைப் போன்றே நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதனைத் 'தோப்பு' என்றது. அதே தமிழ்த் திருமறையில் ஆபிரகாம் பெயெர்செபாவிலே தோப்பை உண்டாக்கிக் கர்த்தரைத் தொழுதுகொண்டான் என்றும் (ஆதி. 21:33), முற்றுகைக் காலத்திலும் கனிமரத்தை வெட்டலாகாது என்றும் (உபா. 20:19) உள்ளமையை நாம் சேர்த்து வாசிக்கவில்லை. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு ஓர் ஊற்றுக்கண்ணின் நிழலை அகற்ற வல்லது என்பதை உணரும்பொழுது நம் பொறுப்பின் அளவு விளங்கும்.

கோயிற்காட்டுத் தெய்வத்தை வணங்காதிருப்பது கிறிஸ்தவரின் மனச்சாட்சி. அக்காட்டைக் காக்கும் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்படுவது அவருடைய அயலார் அன்பு. முன்னதைச் சொல்லிப் பின்னதைத் தள்ளுபவர், தம்மம்பட்டியில் கிணறு வற்றிய அயலாருக்கு விடை கூற வேண்டியவராகிறார். விலக்கு நீங்கிய இடத்தில் வேறு கடமை எதையும் நாம் நாட்டாமல் விட்டோமானால், விடுதலை என்ற பெயரால் கோடரியைக் கொடுத்தவர்களாவோம்.

8. செய்யத்தக்கன

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மலையில் சாமையும் தினையும் குறைந்து, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பெருகியது. அதனால் கைக்குப் பணம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். ஆனால் கிழங்கைத் தோண்டும்பொழுது சரிவின் மண் அசைகின்றது. மழையில் நீர் கலங்குகின்றது. மலைமக்களைக் குறைகூறும் உரிமை ஜவ்வரிசி உண்ணும் நமக்கு இல்லை. நியாய விலை தந்து சிறுதானியத்தை வாங்கும் கடமை உண்டு.

அவ்வாறே, மலையடிவாரச் சபைகள் மூன்று காரியங்களைத் தொடங்கலாம். முதலாவது, ஊர் முதியோரிடம், சிறப்பாகப் பெண்களிடம், காடு, ஊற்று, வாய்க்கால் பற்றிய விதிகளைக் கேட்டு எழுதி வைத்தல்; அவை வன உரிமைக் கோரிக்கைக்குச் சான்றாகவும் உதவும். இரண்டாவது, கிராம சபைக் கூட்டங்களில் நம் மக்கள் தவறாது பங்குபெறுதல். மூன்றாவது, திருச்சபைக்குச் சொந்தமான நிலங்களிலேயே மரத்தையும் நீரையும் காக்கும் ஒழுங்கை முதலில் கைக்கொள்ளுதல். நம் வளாகத்துக் கிணற்றையும் மரத்தையும் காவாமல் மலைக்கு உபதேசம் செய்தல் தகாது.

படைப்பு முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 8:22). அத்தவிப்பை நாம் எங்கே கேட்பது? மழை பெய்த மறுநாள் சுவேதா நதியின் கரையில் நின்று, நீரின் நிறத்தைப் பார்த்தாலே போதும். அது செந்நிறமாய்க் கலங்கி ஓடினால், மேலே ஒரு வரப்பு உடைந்திருக்கிறது. அதைக் காக்க வேண்டியவரின் கை கட்டப்பட்டிருக்கிறது. அக்கட்டை அவிழ்ப்பதும் நம் ஊழியத்தின் ஒரு பகுதியே.